முடி துறந்த நிரலாளர்

ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமும் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸும் 1992-ல் இயங்குதளக் கட்டமைப்பைப் பற்றி மோதிக்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சண்டையில் ஒரு வசதி இருந்தது. டானன்பாமுக்கு மினிக்ஸ், டோர்வால்ட்ஸுக்கு லினக்ஸ் என்று ஆளுக்கொரு இயங்குதளம் இருந்தது. வாதம் ஓய்ந்ததும் இருவரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரே கூரையின் கீழ் குடியிருப்பவர்களுக்குள் சண்டை வந்தால் அப்படி விலகிப் போக முடியாது. பைத்தான் நிரல்மொழியில் 2018-ல் நடந்தது அந்த வகைச் சண்டை.

பைத்தானைப் படைத்த கைடோ வான் ரோசமும் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தவர்தான். டானன்பாம் குழுவினர் உருவாக்கிய அமீபா இயங்குதளத்துக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த அவர், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஒரு புதிய மொழியைத் தொடங்கினார். 1991-ல் வெளியிட்டார். அதற்கு மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரை வைத்தார். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்று நம்மூர் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் படிப்பதும் இந்த மொழியைத்தான்.

மொழி வளர வளர, உலகெங்கிலுமிருந்து தொண்டர்கள் சேர்ந்தார்கள். 1995-ல் நண்பர்கள் கைடோவுக்கு விளையாட்டாக ஒரு பட்டம் சூட்டினார்கள்: ‘ஆயுட்கால அன்புச் சர்வாதிகாரி’. விளையாட்டுப் பட்டம் நிஜப் பதவியாகிவிட்டது. 2000-லிருந்து மொழியில் பெரிய மாற்றம் எதுவானாலும் ‘பெப்’ என்ற முன்மொழிவாக எழுதித் தர வேண்டும் என்று ஒரு முறை வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். கடைசிச் சொல் கைடோவுடையது. 2003-ல் ஒரு நிபந்தனைக் கோவையை எப்படி எழுதுவது என்று சமூகத்திடமே வாக்கெடுத்துப் பார்த்தார்கள். ஏராளமான வடிவங்கள் முன்வைக்கப்பட்டும் எதற்கும் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை. பிறகு 2005-ல் கைடோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். விஷயம் முடிந்தது. இப்படித்தான் ஓடியது, 2018 வரை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ் ஏஞ்சலிகோ என்ற ஆஸ்திரேலிய நிரலாளர் 572 எண்ணிட்ட பெப்பை எழுதினார். கேட்டது சிறிய வசதி. பைத்தானில் ஒரு விடையை மாறியில் இட்டுவைப்பது ஒரு வரி. அந்த விடை சரியா என்று சோதிப்பது இன்னொரு வரி. இரண்டையும் ஒரே வரியில் செய்ய வழி வேண்டும் என்றார். பல மாற்றங்களுக்குப் பிறகு, முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் ஒட்டி எழுதும் := என்ற குறியில் அது வந்து நின்றது. பக்கவாட்டில் பார்த்தால் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் கண்ணும் தந்தமும்போல் தெரிவதால் ‘வால்ரஸ்’ என்று செல்லப்பெயர்.

இதற்கா சண்டை என்று தோன்றலாம். ஆனால் எதிர்த்தவர்களின் அச்சத்துக்குப் பின்னால் அனுபவம் இருந்தது. சி மொழியில் ஒரு சமக்குறி மதிப்பை இடும். இரண்டு சமக்குறி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றை விட்டுவிட்டால் சோதிக்க வேண்டிய நிரல் மதிப்பை மாற்றிவிடும். 2003 நவம்பரில் லினக்ஸ் கருவின் நகல் களஞ்சியம் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளைத் திருட்டுத்தனமாக நுழைத்தார்கள். பயனர் எண் 0-தானா என்று சோதிப்பதுபோல் தெரிந்த வரி, சமக்குறி ஒன்று குறைந்ததால், பயனர் எண்ணையே 0 ஆக்கிவிடும். கணினியின் முழு அதிகாரமும் உள்ளவரின் எண் அது. மூலக் களஞ்சியத்தோடு பொருந்தவில்லை என்பதால் பிடிபட்டது. இந்தப் பொறி பைத்தானில் வேண்டாம் என்றுதான் கைடோ தொடக்கத்திலேயே அதை அடைத்து வைத்திருந்தார். புதிய குறி பார்வைக்கே வேறாக இருப்பதால் அந்த ஆபத்து இல்லை என்றார்கள் ஆதரித்தவர்கள். எளிமைதான் பைத்தானின் சொத்து, ஒரே வேலைக்கு இரண்டு வழி எதற்கு என்றார்கள் எதிர்த்தவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

வாதம் மாதக்கணக்கில் நீண்டது. முன்மொழிவு பலமுறை உருமாறியதால், சிலர் பழைய வடிவத்தையே எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். இதற்கிடையே மூத்த நிரலாளர் டிம் பீட்டர்ஸும் கைடோவும் முன்மொழிவின் இணை ஆசிரியர்கள் ஆனார்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியவரே மனுதாரரும் ஆகிவிட்டார். விவாதம் குறியீட்டைவிட்டு நகர்ந்து அவர் மேல் திரும்பியது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஜூலையில் கைடோ அதை ஏற்றார். 12-ஆம் தேதி சக நிரலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனி விருப்பமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வாரிசை நியமிக்கப் போவதில்லை. என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது சாரம். முடிவு அறிவித்த பிறகு சமூக ஊடகத்தில் சிலர், அதிலும் பைத்தானின் மைய நிரலாளர்களே, எழுதியது தன்னைப் புண்படுத்தியதாகப் பின்னாளில் பேட்டியில் சொன்னார். முடிவை எதிர்ப்பது தொண்டர்களின் உரிமை. முடிவெடுத்தவரைக் காயப்படுத்துவது எந்த உரிமையிலும் சேராது.

விளையாட்டாக வந்த பதவிக்கு முடிவுவிதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. தலைவர் போய்விட்டால் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதை யார் தீர்மானிப்பது என்பதற்கே விதி இல்லை. ஆனாலும் அவர்கள் பிரிந்து போகவில்லை. மற்ற திறமூலத் திட்டங்கள் எப்படி ஆளப்படுகின்றன என்று ஆராய்ந்து எழுதிவைத்தார்கள். ஒற்றைத் தலைவர், மூவர், வெளியாட்கள் குழு என்று 7 ஆட்சிமுறைகளை முன்மொழிந்து, டிசம்பரில் மைய நிரலாளர்கள் வாக்களித்தார்கள். 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழு வென்றது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2 பேருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் குழுவையே நீக்கலாம். 2019-ன் முதல் குழுவுக்குக் கைடோவும் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஐவரில் ஒருவராக. அந்த ஆண்டு அக்டோபர் 14-ல் பைத்தான் 3.8 வால்ரஸோடு வெளிவந்தது. அடுத்த குழுவுக்கான போட்டியிலிருந்து அவர் விலகிக்கொண்டார்.

வால்ரஸ் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. அந்தச் சண்டையில் பைத்தானுக்குக் கிடைத்த உண்மையான லாபம், 13 எண்ணிட்ட பெப்பில் எழுதப்பட்டிருக்கும் அந்த ஆட்சி விதிகள். திறமூலத் திட்டம் எதிலாவது நீங்கள் பங்களிப்பவர் என்றால், கடைசிச் சொல் யாருடையது, அவரை எப்படி மாற்றுவது என்பதை உங்கள் திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், சண்டை வருவதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)