புளோரன்ஸ்: மறுமலர்ச்சியும் கம்பளித் தொழிலாளரும்

மறுமலர்ச்சி என்றதும் எமது மாணவர் லியனார்டோ, மைக்கலாஞ்சலோ, மெடிச்சி குடும்பம் எனச் சில பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பர். மேதைகள் தோன்றினர், செல்வர் புரந்தனர், கலை மலர்ந்தது என்பதே பாடநூல்கள் நமக்குப் பழக்கிய வரலாறு. அது பொய்யன்று, ஆயின் முழுமையுமன்று. மறுமலர்ச்சியின் தாயகமான புளோரன்ஸ் நகரின் தெருக்களில் நடந்து, அங்குள்ள கட்டடங்களையும் சிற்பங்களையும் நிதானித்து நோக்குவோமாயின், பாடநூல் கூறாது விட்ட பகுதியும் நம் கண்ணுக்குப் புலப்படும்.

நகரத்துக் கூரைகளுக்கெல்லாம் மேலே எழுந்து நிற்பது சாந்தா மரியா டெல் பியோரே பேராலயத்தின் செந்நிறக் குவிமாடம். 1296இல் தொடங்கிய இவ்வாலயப் பணியின் பொறுப்பு 1331இல் கம்பளி வணிகரின் தொழிற்கணத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சுவர்கள் எழுந்தன, ஆனால் ஏறத்தாழ 45 மீற்றர் அகன்ற எண்கோண வெளியை மூடுவது எவ்வாறு என்பதே பெரும் வினாவாயிற்று. பொற்கொல்லராகப் பயின்ற பிலிப்போ புருனெல்லெஸ்கி, நிலத்திலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே அதனைக் கட்டிக் காட்டினார். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஓடுகள். மீன்முள் வடிவில் அடுக்கப்பட்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் செங்கற்கள். எருது பூட்டி இயக்கிய பாரந்தூக்கி. 1420 முதல் 1436 வரை, நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் இவ்வாறு மேலேறின.

அவற்றை அடுக்கிய கைகள் யாருடையவை? ஊதிய உயர்வு கேட்டு மேசன்மார் வேலையை நிறுத்தியபோது, புருனெல்லெஸ்கி அவர்களை விலக்கி லொம்பாடி நாட்டவரை அமர்த்தினார் என்றும், பின்னர் பழையவர்களையே குறைந்த கூலிக்கு மீண்டும் சேர்த்துக்கொண்டார் என்றும் வசாரி எழுதுகின்றார். அடுத்த நூற்றாண்டில் கலைஞர் வரலாறு எழுதிய அவர், இதனை மேதையின் சாதுரியமாகவே சொல்லிச் செல்கின்றார்.

இனி, பணம் எங்கிருந்து வந்தது எனப் பார்ப்போம். 1338ஆம் ஆண்டளவில் நகரில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பளித் தொழிற்கூடங்கள் இருந்தன என்றும், அவை ஆண்டுக்கு எழுபதாயிரம் முதல் எண்பதாயிரம் வரையான துணிகளை ஆக்கின என்றும், முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தொழிலால் வாழ்ந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் வில்லானி குறிப்பிடுகின்றார். கம்பளி மயிரைக் கழுவி, அடித்து, சிக்கெடுத்துச் சீவிய கூலியாட்களே 'சியோம்பி' எனப்பட்டோர். இவர்கள் தமக்கெனத் தொழிற்கணம் அமைக்கும் உரிமையற்றவர். கணமில்லாதவனுக்கு ஆட்சியிலும் இடமில்லை. தொழிலாளரை ஒன்றுதிரட்ட முயன்ற சியூத்தோ பிராண்டினி என்னும் கம்பளித் தொழிலாளி 1345இல் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்த பெருங்குற்றம் சங்கம் அமைக்க முனைந்ததே.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1378 யூலையில், அத்தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அரச மாளிகையைக் கைப்பற்றினர். மிக்கேலே டி லாண்டோ என்னும் கம்பளித் தொழிலாளி நகரின் உயர்பதவியில் அமர்ந்தான். தமக்கொரு கணம், ஆட்சியிற் பங்கு, தம்மைத் தண்டித்துவந்த கம்பளிக் கணத்து அதிகாரியின் நீக்கம் என்பன அவர்கள் கேட்டவை. மூன்று புதிய கணங்கள் தோன்றின. ஆனால் ஓகஸ்ட் முடிவில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. நசுக்குவதில் மிக்கேலேயும் பங்குகொண்டான். சியோம்பியரின் கணம் உடனே கலைக்கப்பட்டது; எஞ்சிய இரண்டும் 1382இல் மறைந்தன.

இவ்வரலாற்றை நெஞ்சிலிருத்தி ஓர்சான்மிக்கேலே என்னும் கட்டடத்தின் முன் நிற்போம். முன்னர் தானியச் சந்தையாக இருந்து பின்னர் ஆலயமான இதன் புறச்சுவரிலுள்ள மாடங்களில், தொழிற்கணங்கள் தத்தம் காவற் புனிதருக்குச் சிலையெடுத்தன. ஆயுதம் செய்வோருக்காக டொனாட்டெல்லோ புனித ஜோர்ஜைச் செதுக்கினார். கல், மரத் தொழிலாளரின் மாடத்தில் நன்னி டி பாங்கோ நான்கு புனிதரை நிறுத்தி, அவர்களின் காலடியிலே சுவர் எழுப்புபவனையும், தூணில் துளையிடுபவனையும், அளப்பவனையும், செதுக்குபவனையும் வடித்தார். உழைப்பு அங்கே தன் முகத்தைக் காட்டுகின்றது. ஆனால் கம்பளி சீவியவனுக்கு மாடமில்லை. கணம் கலைக்கப்பட்டவனுக்குச் சிலையெடுப்பார் யார்?

இதனால் இக்கலையெல்லாம் செல்வர் கலையென ஒதுக்கிவிடலாமா? அது பெருந்தவறு. ஆற்றுக்கு அப்பாலுள்ள கார்மினே ஆலயத்துக்குச் செல்வோம். அங்குள்ள சிற்றாலயத்தின் சுவரோவியங்களுக்குப் பணம் தந்த குடும்பத்தின் தலைவன் பட்டு வணிகன். இருபத்தெட்டு வயதை எட்டுமுன்னரே, 1428இல், மறைந்த மசாச்சோ அச்சுவரில் தீட்டியதோ, தெருவில் ஊர்ந்துவரும் முடவனையும், குழந்தையை ஏந்தி உதவி பெறும் ஏழைத் தாயையும். ஏழைகள் அங்கே முழு மனிதராய், எடையும் நிழலும் உடையவராய் நிற்கின்றனர். கூலி வணிகனுடையது, கண் கலைஞனுடையது. பொருளாதாரத்தை அறியாமல் இக்கலையை விளங்கிக்கொள்ள முடியாது. அதை மட்டும் அறிந்தும் விளங்கிக்கொள்ள முடியாது.

1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ நதி பெருகி நகரினுட் புகுந்தது. பேராலயத்தின் எதிரேயுள்ள ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவிலிருந்து ஐந்து சிற்பப் பலகைகள் பெயர்ந்தன. தேசிய நூலகத்தின் நூல்கள் சேற்றில் அமிழ்ந்தன. அப்பொழுது பல நாடுகளிலிருந்தும் இளைஞரும் மாணவரும் வந்து, வரிசையில் நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தனர். எவரும் அவர்களுக்குக் கூலி பேசவில்லை. அந்நகரில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லாதோர் அதனைத் தமதென்றே கருதினர்.

அவர்கள் கருதியது சரியே. இன்று புளோரன்ஸில் ஒரு சதுக்கம் சியோம்பியரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மறுமலர்ச்சியைக் கற்பிக்கும் நாமும், புருனெல்லெஸ்கியின் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் அருகிலே சியூத்தோ பிராண்டினியின் பெயரையும் எழுதுவோம். மாணவர் யாரென்று கேட்பர். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.