ஆவாரம்பட்டை: வட ஆற்காட்டுத் தோலின் மறந்துபோன பாதி

கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன்னாடி வேப்பிலை, சிறுபூளையோட ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுவாங்க. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதுவும் ஒன்று, ஆவிரை என்ற பெயரில். எங்க வட ஆற்காட்டில் கதை வேற. இங்கே பூவைவிடப் பட்டைக்குத்தான் கிராக்கி.

அவரைக் குடும்பத்துச் செடி இது. பட்டையில் சுமார் 18 சதவீதம் டானின். அது தோலின் புரதத்தோடு பிணைந்து, அழுகாமல் காக்கும். ஒரே குறை, ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போடுவார்கள். இப்படிப் பாதி பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலில் நம்ம புதர்ச்செடிக்கும் பங்குண்டு.

அப்புறம் ஏன் ஆவாரை போச்சு? டானின் கம்மி, காட்டில் அலைந்து சேகரிக்கணும். வாட்டில் பட்டையில் டானின் 30 சதவீதத்துக்கும் மேல். அதுவும் அவரைக் குடும்பம்தான். பிறந்தது ஆஸ்திரேலியா, நமக்கு வந்தது தென்னாப்பிரிக்காவிலிருந்து. 1946-ல் இனவெறிச் சட்டங்களை எதிர்த்து இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலைப் பெரிய அளவில் நட்டார்கள். இன்று சோலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்பது அதுதான்.

பட்டைக்கு வாரக்கணக்கு. குரோமியத்துக்கு ஓரிரு நாள் போதும். சென்னையில் 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சோதித்தார்; குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே ஒரு குரோம் தோல் கம்பெனியால்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது.

'பழைய முறைக்கே திரும்பினால் ஆறு பிழைக்கும்' என்று நானும் நம்பினேன். விசாரித்தால் அவ்வளவு சுலபமில்லை. பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, ரோமம் நீக்கும் சுண்ணாம்பு எல்லாம் பதனிடும் முன்பே தண்ணீரில் கலந்துவிடும். ஆவாரையோ குரோமியமோ, அந்த உப்பு மாறாது.

ஆக ஆவாரை குற்றவாளியும் இல்லை, ரட்சகனும் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் டேனரிக்கு நாளை மிச்சம் பிடித்தது; கணக்கை மலையும் ஆறும் கட்டின. அடுத்த தடவை சாலையோரம் மஞ்சளா பூத்திருந்தா, ஒரு நிமிஷம் பட்டையையும் பாருங்க.