அநுராதபுரத்துத் தமிழ் வணிகர் மேடை

சப்பிரகமுவ மாகாணத்து ருவான்வெல்லை இன்று இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். ஆனால் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அது வாணிகத்துக்குப் பேர்போன ஆற்றுத்துறையாக விளங்கிற்று. குருகொட ஓயா களனி கங்கையோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்தமையால், கொழும்பிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய படகுகள் அதுவரை வந்தன. மலைநாட்டிலிருந்து காவடியிலும் பொதிமாட்டிலும் இறங்கிய பாக்கு அதே படகுகளில் ஏறிக் கடற்கரை சென்றது. கண்டி அரசுக்கு உப்பளம் அரிது; கரையோரத்து வணிகருக்கோ மலைநாட்டுப் பாக்கு வேண்டும். இவ்விரு தேவைகளும் சந்தித்த துறைகளுள் ருவான்வெல்லையும் ஒன்று.

இத்தகைய துறையில் வணிகர் எங்கே கூடினர்? யார் எவருக்கு முன்னே அமர்ந்தனர்? இவ்வினாக்களுக்கு ருவான்வெல்லையின் கற்கள் விடை கூறா. அங்கே பழமை பேசி நிற்பது ஆள்வோர் கட்டிய கோட்டையின் வாயிலேயன்றி, வாணிகம் செய்தோர் கூடிய மண்டபமன்று. ஐரோப்பாவின் நிலை வேறு. பெல்ஜியத்துப் பிரசல்ஸ் நகரின் பெரிய சதுக்கத்தைச் சுற்றித் தொழிற் கூட்டத்தாரின் மாளிகைகள், பொன்முலாமும் சிற்பமும் மின்ன இன்றும் அணிவகுத்து நிற்கின்றன. 1695-ஆம் ஆண்டுப் பீரங்கித் தாக்குதலில் அழிந்த அவற்றை அக்கூட்டத்தார் சில ஆண்டுகளுக்குள் முன்னினும் சிறப்பாக எழுப்பிவிட்டனர். இலங்கையில் அப்படியோர் இடத்தைத் தேடுவோர் களனிக் கரையை விட்டு வடக்கே, பண்டைத் தலைநகராகிய அநுராதபுரத்துக்கே செல்லவேண்டும். அங்குக் காணக் கிடைப்பது மாளிகையன்று, ஒரு பாறை.

அபயகிரி விகாரைக்கு அண்மையில் உள்ளது அப்பாறை. அதில் பிராமி எழுத்தில், பழைய பிராகிருத மொழியில் சில சொற்றொடர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். இலுபரத என்னும் இடத்தைச் சேர்ந்த தமிழனாகிய சமணன் செய்வித்த, தமிழ்க் குடும்பத் தலைவர்களின் பிரசாதம் இது என்பது அதன் முதல் வாசகத்தின் பொருள். சமணன் என்பதை ஒருவனது இயற்பெயராகக் கொள்வாரும் உளர். துறவி எனக் கொள்வாரும் உளர். பிரசாதம் என்னும் சொல் மாளிகையையும் குறிக்கும், உயர்ந்த மேடையையும் குறிக்கும். தொல்பொருள் அறிஞர் செனரத் பரணவிதான இதனை மேடை என்றே கொண்டார். 1970-ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியின் முதற் பாகத்திலும் இதனைச் சேர்த்தார்.

முதல் வாசகத்தைக் காட்டிலும் சுவையானவை அதனையடுத்த சிறு வாசகங்கள். சக என்பானின் ஆசனம், நசத என்பானின் ஆசனம் எனத் தொடங்கித் திஸ்ஸ, குபிர, சுஜாத முதலிய பெயர்கள் ஆங்காங்கே வெட்டப்பட்டுள்ளன. இன்னார் அமருமிடம் இன்னதென்று கல்லே சொல்கிறது. மேடை ஒரே மட்டமாக அமையவில்லை. உயர்வும் தாழ்வுமாகப் பல படிகளாக உள்ளது. அவற்றுள் உயர்ந்த இடம் கராவ என்னும் நாவிகனுக்குரியது. நாவிகன் என்றால் கலம் செலுத்துவோன் அல்லது கலத்துக்குத் தலைவன். நிலத்தில் பொருள் வைத்திருந்தோரெல்லாம் கீழே அமர, கடலை அறிந்தவன் மேலே அமர்ந்தான்.

அலங்காரம் என்று சொல்லத்தக்கது இம்மேடையில் ஒன்றுமில்லை. அக்காலக் கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. இம்மேடைமீது கூரையோ தூணோ விதானமோ இருந்திருப்பின் அவை மழையோடும் கறையானோடும் போயிருக்கும். எஞ்சியிருப்பது இருக்கை வரிசை ஒன்றே. ஒரு வணிகக் கூட்டத்தின் உள்ளமைப்பை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சின்னம் வேறு எங்கும் எளிதிற் கிடைப்பதன்று. சிற்பம் செறிந்த மண்டபம் கட்டியவரின் செல்வத்தைக் காட்டும். பெயர் பொறித்த இருக்கையோ அவர்களுக்குள் நிலவிய ஒழுங்கைக் காட்டும்.

நாவிகனுக்குக் கிடைத்த இச்சிறப்பு வியப்புக்குரியதன்று. சேனன், குத்திகன் என்னும் இரு தமிழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நெறியோடு ஆண்டனர் என்று மகாவம்சம் கூறுகிறது. அவர்களைக் குதிரை வாணிகம் செய்த நாவிகன் ஒருவனின் மைந்தர் என்றும் அந்நூல் குறிக்கிறது. குதிரை இலங்கைக்கு உரிய விலங்கன்று. கலத்தில் வரவேண்டிய சரக்கு. கலம் வைத்திருந்தவனின் கை அரண்மனை வரை நீளக்கூடிய காலம் அது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மேடையில் உள்ள பெயர்களைத் தனியே எடுத்து ஒருவர் முன் வைத்தால், இவர்கள் தமிழர் என்று அவர் ஊகித்தல் அரிது. பெயர்களின் வடிவம் பிராகிருதம். வாசகத்தின் மொழியும் பிராகிருதம். 'தமெட' என்னும் ஒரு சொல்லே அவர்களை இன்னாரென அடையாளம் காட்டுகிறது. வவுனியாவுக்கு அண்மையிலுள்ள பெரிய புளியங்குளத்திலும் இவ்வாறே. தமிழ் வணிகனாகிய விசாகன் என்னும் குடும்பத் தலைவன் பௌத்தத் துறவிகளுக்குக் குகை அளித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதிலும் 'தமெட' என்ற சொல் தவறாது இடம்பெறுகிறது. நாட்டின் மொழியையும் பௌத்த நெறியையும் ஏற்றுக்கொண்ட இவ்வணிகர், தாம் தமிழர் என்பதைச் சொல்லக் கூசவுமில்லை, மறைக்கவுமில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் தோன்றிய வணிகக் கணங்கள் இத்தகைய எளிமையோடு நின்றுவிடவில்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள் முதலியோர் நாட்டிய கற்களில் எழுத்தோடு உருவங்களும் நிறைந்தன. குடை, முரசு, குத்துவிளக்கு, வாள், யானைத் தோட்டி, இவற்றோடு கலப்பை. வணிகன் கல்லில் கலப்பைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் உழவர் பெருங்கூட்டம் வணிகரோடு ஒருங்கு கூடி முடிவுகள் எடுத்தமையால் மேழியும் கல்லில் ஏறிற்று. தமிழ்நாட்டில் சிவகங்கைப் பகுதியிலுள்ள பிரான்மலைக் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. எந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்கு இறுப்பது என்று வணிகர் அதில் வகுத்துக்கொண்டனர். உப்பு முதல் யானை வரை நீளும் அப்பட்டியலில் பாக்கும் இருக்கிறது. பிற்காலத்தில் ருவான்வெல்லையில் படகேறிய சரக்கும் அதுவே.

இலங்கையில் பொலநறுவையில் அட்டதாகேயை அடுத்து நிற்கும் தமிழ்க் கல்வெட்டு இன்னொரு வகையிற் சிறப்புடையது. முதலாம் விஜயபாகு மன்னனின் மறைவுக்குப் பின்னர், 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேளைக்காரப் படையினர் அங்கே கூடினர். தம் மூதாதையராகிய வலஞ்செயரையும் நகரத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டு புத்தர் பெருமானின் தந்ததாதுக் கோயிலைக் காக்க உறுதிமொழி எடுத்தனர். மன்னர் மறைந்த வேளையில் ஒரு கோயிலின் காவலுக்கு வணிகரின் சொல்லும் வேண்டியிருந்தது.

கடலுக்கு அப்பால் சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருசை அடுத்த லோபு துவாவில் கிடைத்த ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டுக்குரியது. அங்கும் மரக்கல நாயன் வருகிறான். ஆனால் அவன் முதலில் கஸ்தூரியின் விலையைக் கொண்டு கணக்கிட்ட பொன்னை இறுக்கவேண்டும். அதன் பின்னரே விரித்த பாவாடையில் கால் வைக்கலாம். அநுராதபுரத்துக் கராவனின் ஆசனத்தில் அப்படியொரு நிபந்தனை எதுவும் இல்லை. பெயரும் தொழிலும் மட்டுமே உண்டு.