அடும்பும் பாலாற்று மணலும்

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. அதனால் கடலோரச் செடி எதுவும் காஞ்சிபுரத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. ஊருக்குத் தெற்கே ஓடும் பாலாற்றின் மணலும் மாமல்லபுரம் பக்கத்து மணல்மேடுகளில் படரும் அடும்பும் ஒரே கணக்கில் வருபவை என்பதே என் வாதம்.

அடும்பு பல்லாண்டு வாழும் கொடி. இலை தடித்து, நுனியில் குளம்புபோல் பிளந்திருக்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று மணலைக் கொண்டுவந்து மூடினால், புதைந்த கணுக்களும் வேர்பிடிக்க, நுனி மேலே வந்து மறுபடி படரும். இராவணன் மீசைப் புல்லும் கூடச் சேர்ந்தால் மேடு மெல்ல உயரும்.

இந்த நிகழ்வைக் குறுந்தொகையின் 248ஆம் பாட்டில் உலோச்சனார் காட்டுகிறார். கோடைக் காற்று குவித்த மணலில் பனையின் அடிமரம் புதைகிறது. அடும்பு படர்ந்த மணல்மேடு ஊர்ந்து வர, நெடும்பனை குட்டையாகிறது. பனை புதைகிறது, கொடியோ மேட்டின்மேலேயே இருக்கிறது! தலைவியின் காத்திருப்புக்கு இது வெறும் பின்புலம் என்று படிப்பது போதாது. நெய்தல் நிலத்தில் நின்று பார்த்தவரின் கண் இதில் இருக்கிறது.

புதுமணல் வரத்து நின்றால், அலை அரித்துச் செல்வதை ஈடுகட்ட அடும்பால் முடியாது. மாமல்லபுரக் கரைக்கு வரும் அந்த மணலில் ஒரு பங்கு பாலாற்றினுடையது. ஆறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. இக்கரையோரம் மணலின் ஓட்டம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கியது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இதற்குச் சான்று. ஆகவே மேலே ஆற்றில் அள்ளப்படும் ஒவ்வொரு லாரி மணலும் மாமல்லபுரத்து மேட்டுக்கு வரவேண்டியதில் குறைகிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரைகாக்கச் சவுக்கு நடப்பட்டது. நல்லெண்ணம்தான், ஆனால் வெயில் வேண்டும் அடும்பு, சவுக்கின் நிழலிலும் சருகு மூடிய தரையிலும் தழைக்காது. மணல்மேட்டில் மரத்தைவிடக் கொடிக்கே முதலிடம் தந்திருக்க வேண்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆற்றில் அதன் எல்லையோ கடலேற்றத்தின் உப்பு எட்டும் இடத்தோடு நின்றுவிடுகிறது. காஞ்சிபுரத்துப் பாலாறு அதற்கு வெகு மேலே இருக்கிறது. மணல் குவாரிக்கு அனுமதி தரும்போது வாயலூருக்கு வடக்கேயுள்ள கரையின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.