குளிருக்கு மனுப் போட்டவர்கள்

சித்திரை மாதத்தில் சிவகாசிக்குப் போகிறவனுக்குத் தவிர்க்க முடியாத காரியம் ஏதாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டாக இருக்க வேண்டும். எனக்குக் காரியம் இருந்தது. என் புத்தகம் ஒன்றின் மேலட்டை அங்கே நண்பர் ஒருவரின் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் முகம் முதல் பிரதியில் மஞ்சள் காமாலை கண்டவள் முகம் போல் வந்துவிட்டதென்று சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் கரிசல் மண்ணும் சீமைக் கருவேலும்தான். வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் குறை சொல்லக் கூடாது. அதுதான் அவர்களுடைய முதல். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது ஊரில் மழை இல்லை, விளைச்சல் இல்லை. வெயில் மட்டும் தாராளமாக இருந்தது. குச்சி காய்வதற்கும் மருந்து காய்வதற்கும் அது போதும். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டுமே என்று அச்சுத் தொழிலும் வந்தது. என் கதாநாயகிக்குக் காமாலை வந்தது கூட அந்த வழியாகத்தான்.

மேலட்டைப் பிரச்னை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மாலையில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய மகன் கையில் ஒரு கற்றைக் காகிதத்துடன் வந்து நின்றான். நண்பர் என்னை அண்ணாச்சி என்பார். அதனால் பையனுக்கு நான் பெரியப்பா. வயது இருபத்தாறு. விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் பத்துப் பதினைந்து மைல் ஓடிவிட்டு வந்து பல் தேய்க்கிற ஜாதி.

"பெரியப்பா, ஒரு மனு எழுதணும். நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுங்க."

"கலெக்டர் ஆபீசுக்கா?"

"இல்லை. தென் துருவத்துக்கு."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாட்டுத்தான்; ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. அண்டார்க்டிகாவில் டிசம்பர் மாதத்தில் ஒரு மாரத்தான் பந்தயம் நடக்கிறது. 2006 முதல் நடத்துகிறார்கள். பனிக்கட்டியின் மேல் 42 கிலோமீட்டரும் சில்லறையும் ஓட வேண்டும். அந்த மாதம் அங்கே கோடைக்காலமாம், சூரியன் அஸ்தமிப்பதே இல்லையாம். கோடை என்றதும் நம் ஊர்க் கோடையை நினைத்துவிடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி, இருபது டிகிரி. அதற்கு மேல் காற்று. கட்டணம் பல லட்ச ரூபாய். பணத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். உள்ளே இருந்து அவன் அப்பா இருமினார்.

மனுவில் பெயர், ஊர், இதற்கு முன் ஓடிய பந்தயங்கள் எல்லாம் நிரப்பியிருந்தான். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. உடம்பில் பழைய காயம், ரத்த ஓட்டக் குறை, விரல்களில் மரமரப்பு ஏதாவது உண்டா என்று கேட்டிருந்த இடம் அது. பையன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஏன் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷங்களுக்கு முன் காலேஜ் லீவில் கைச்செலவுக்காக ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனான். காய வைத்திருந்த மருந்து ஒரு நாள் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தான். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் சுருங்கிப் பளபளப்பாக இருக்கின்றன. தொட்டால் தெரியும், கிள்ளினால் அவ்வளவாகத் தெரியாது.

"இதை எழுதாம விட்டுட்டா என்ன, பெரியப்பா? கையுறைக்குள்ளதானே இருக்கப் போகுது?"

"விட்டுவிடு" என்று சொல்ல வாயெடுத்தேன். நானே அப்படிச் செய்தவன்தான். என் முதல் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோது இடது காது மந்தம் என்பதை எழுதவில்லை. மானேஜர் எப்போதும் எனக்கு வலப் பக்கத்தில் இருக்கும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆபீசில் பனிப்புயல் அடித்ததில்லை. காலையில் சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

இரவு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாயை விரித்துப் படுத்தோம். தரை பாய்க்கு அடியில் கொதித்தது. உடம்பில் இப்படி ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு குளிருக்கு மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஸ்காட் 1910-இல் தென் துருவத்துக்குக் கப்பல் ஏறியபோது, கூட வருகிறோம் என்று மனுப் போட்டவர்கள் சுமார் எட்டாயிரம் பேர். 1914-இல் ஷாக்கிள்டனுக்கு வந்தவை சுமார் ஐயாயிரம். "ஆபத்தான பிரயாணம், அற்பச் சம்பளம்" என்று அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததாக ஒரு கதை உலகமெல்லாம் உலவுகிறது. அந்த விளம்பரம் வந்த பத்திரிகையைத் தேடித் தேடிப் பார்த்தும் இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மனுக்கள் வந்தது மட்டும் வாஸ்தவம். ஷாக்கிள்டன் அவற்றைப் பைத்தியம், உதவாது, பார்க்கலாம் என்று மூன்று கட்டாகப் பிரித்து வைத்தார். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு மனு அனுப்பியிருந்தார்கள். ஆண்களின் உடுப்பைப் போட்டுக்கொள்ளக் கூடத் தயார் என்றார்கள். இடம் இல்லை என்று பதில் போயிற்று.

பார்க்கலாம் என்ற கட்டிலிருந்து ஜேம்ஸ் என்ற இளம் பௌதிக விஞ்ஞானியை ஷாக்கிள்டன் கூப்பிட்டனுப்பினார். பேட்டி ஐந்து நிமிஷம். பல் நன்றாக இருக்கிறதா, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறதா, பாட வருமா என்றெல்லாம் கேட்டார். ரத்த ஓட்டம் எப்படி என்றும் கேட்டார். எல்லாம் சரிதான், ஒரு விரல் மட்டும் குளிரில் அடிக்கடி மரத்துப் போகும் என்றார் ஜேம்ஸ். அந்த விரல் போய்விட்டால் ரொம்ப வருத்தப்படுவீரா என்று கேட்டார் ஷாக்கிள்டன். பரவாயில்லை, துணிகிறேன் என்றார் இவர். வேலை கிடைத்தது. கப்பலைப் பனி நொறுக்கிவிட்டது. ஆனால் அதில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். ஜேம்ஸ் பிற்காலத்தில் கேப்டவுனில் பேராசிரியராக இருந்தார். அதே கப்பலில் ஒரு பையனை வயது போதாது என்று நிராகரித்தார்கள். அவன் அலமாரியில் ஒளிந்துகொண்டு போனான். கால் விரல்களைப் பறிகொடுத்தது அவன்தான்.

ஸ்காட்டின் கோஷ்டிக்குச் செர்ரி காரார்ட் என்ற பணக்கார இளைஞர் மனுப் போட்டார். அவருக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. கண்ணைக் காரணமாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். என்னைச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆயிரம் பவுனை நன்கொடையாக அனுப்பினார். ஸ்காட் மனம் இளகிச் சேர்த்துக்கொண்டார். 1911-ஆம் வருஷத்துத் துருவ இருளில், பெங்குவின் முட்டை எடுக்கப் போன மூவரில் இவர் ஒருவர். பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடு. அந்தக் குளிரில் கண்ணாடி போட்டால் மூச்சுக் காற்று படிந்து பனியாகிவிடும். கழற்றிவிட்டால் குருடர். கொண்டுவந்த முட்டைகள் மூன்று.

கண்ணுக்கு விலை கேட்டது பிறகுதான். 1912 மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பி வரும் ஸ்காட்டை எதிர்கொள்ள உணவுக் கிடங்கு வரை ஒருவர் போக வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு வேறு வேலை. வழி கணிக்கத் தெரியாத, பார்வை மங்கலான இவர் நாய் வண்டியுடன் போனார். கிடங்கில் ஆறு நாள் காத்திருந்தார். மேலே போக நாய்களுக்குத் தீனி போதவில்லை, பனிப்புயல் வேறு. திரும்பிவிட்டார். அப்போது ஸ்காட் உயிரோடு இருந்தார். தெற்கே நடந்து வந்துகொண்டிருந்தார். நவம்பரில் கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது அது கிடங்குக்குப் பதினோரு மைல் தூரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமோ என்ற கேள்வி செர்ரி காரார்டைச் சாகும் வரை விடவில்லை. அவர் 1922-இல் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியும். என்னைக் கேட்டால், அவர் பேரில் குற்றமே இல்லை. கண்ணை அவர் மறைக்கவில்லை. தெரிந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

துருவத்தைத் தொட்ட ஐவரில் இருவர் நம் நாட்டு வெயிலிலிருந்து போனவர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் பவர்ஸ், ராயல் இந்தியன் மரீனில் உத்தியோகம், ஐராவதி நதியில் கப்பல் ஓட்டியவர். இன்னொருவர் காப்டன் ஓட்ஸ். இந்தூருக்குப் பக்கத்தில் மாவ் என்ற ராணுவ ஊரில், அதாவது அம்பேத்கர் பிறந்த ஊரில், குதிரைப் படையில் இருந்தார். அந்த ஊர் பிடிக்காமல் அங்கிருந்தே மனுப் போட்டார். அவரும் ஆயிரம் பவுன் கொடுத்து, மாதம் ஒரு ஷில்லிங் சம்பளத்துக்கு வேலை ஏற்றார். 1901-இல் போயர் யுத்தத்தில் தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு முறிந்ததால் அவருடைய இடது கால் ஒரு அங்குலம் குட்டை. குதிரை மேல் இருக்கிறவனுக்கு அங்குலக் கணக்கு ஏது? மட்டக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை எடுத்தார்கள். ஆனால் மட்டக் குதிரைகள் பாதி வழியிலேயே முடிந்துபோயின. மீதி நூற்றுக்கணக்கான மைல்களை அவர் அந்தக் காலால் நடக்க வேண்டியதாயிற்று. சரியான உணவில்லாமல் சொறிக்கரப்பான் கண்டால் ஆறிப்போன தழும்பு கூடத் திறந்துகொள்ளும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஓட்ஸின் பாதங்கள் பனியில் வெந்தன. தான் இருந்தால் மற்றவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்று, 1912 மார்ச் மத்தியில், தம் முப்பத்திரண்டாவது பிறந்த நாளை ஒட்டி, கூடாரத்தைத் திறந்துகொண்டு புயலில் நடந்து போய்விட்டார்.

மனுப் போடாமலே நம் நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. ஓட்ஸ் சொன்ன யோசனையின் பேரில் இந்திய சர்க்கார் அனுப்பிய ஏழு கோவேறு கழுதைகள். பேகம், ராணி, குலாப், பியாரி, லால் கான், கான் சாகிப், அப்துல்லா என்று பெயர். ஓட்ஸ் இறந்த பிறகு அவரைத் தேடிப் போன கோஷ்டியில் சுமை இழுத்தவை அவைதான்.

அவரைச் சொல்லிவிட்டேன்; சொல்ல வேண்டியவர் இன்னொருவர். பையனின் கையைப் பார்த்த நேரத்திலிருந்து என் மனசில் இருந்தவர் அவர்தான். எட்கர் ஈவான்ஸ், கப்பற்படைச் சிப்பாய், கோஷ்டியிலேயே ஆஜானுபாகு. 1911 டிசம்பர் 31-ஆம் தேதி பனிவண்டிகளை அறுத்துக் குட்டையாக்கும் வேலையில் அவருடைய கையில் ஆழமாக வெட்டு விழுந்தது. துருவம் வரை யார் யார் போவது என்று ஸ்காட் பெயர் சொல்லப் போகிற சமயம். வெளியே தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று ஈவான்ஸ் கையை மறைத்துவிட்டார். கையுறைக்குள்தானே இருந்தது. பெயர் சொன்னார்கள், அவரும் இருந்தார். சில நாளில் ஸ்காட் வெட்டைப் பார்த்துவிட்டார். ஆனால் திருப்பி அனுப்புவதற்கு அப்போது துணை யாரும் இல்லை. மற்றவர்கள் வடக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை. ஜனவரி முடிவதற்குள் நகங்கள் கழன்று விழ ஆரம்பித்தன. கூடாரம் கட்ட, கயிறு முடிச்சுப் போட, எதற்கும் மற்ற நால்வர்தான். பிப்ரவரி 17-ஆம் தேதி ஐவரில் முதலாவதாக அவர் இறந்தார். கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பசி உண்டு, விழுந்து தலையில் அடிபட்டதும் உண்டு. ஆனால் அவருக்காகத் தாமதித்த நாட்களை மற்ற நால்வரும் பிறகு கொடுக்க நேர்ந்தது.

குளிரில் உடம்பு நடந்துகொள்வது நொடித்துப்போன குடும்பத்தைப் போலத்தான். நெஞ்சையும் மூளையையும் காப்பாற்ற வேண்டும் என்று ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் பட்டினி போடுவது விரல்களை. ஏற்கனவே வெந்து தழும்பேறிய விரலில் ரத்தக் குழாய்கள் குறைவு. அது சீக்கிரம் மரத்துவிடும். மரத்துவிட்டது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

காலையில் காப்பி குடிக்கும்போது பையனுக்கு ஈவான்ஸ் கதையைச் சொன்னேன். அவன் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் கதையையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொன்னால் பயமுறுத்துவதற்காகச் சொன்னதாக நினைப்பான். வெகு நேரம் காப்பி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"அந்த ஜேம்ஸை எடுத்துக்கிட்டாங்கதானே, பெரியப்பா?"

"எடுத்துக்கொண்டார்கள். சொன்ன பிறகு எடுத்துக்கொண்டார்கள்."

காலியாக இருந்த இடத்தில் இரண்டு விரல்களையும், எப்போது, எதனால் என்பதையும் எழுதினான். நான் இலக்கணப் பிழை மட்டும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து டெலிபோனில் பேசினான். மறுக்கவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. ரத்தக் குழாய் வைத்தியர் ஒருவரிடம் கையைக் காட்டிக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மதுரைக்குப் போகிறான். கையை ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு, வெளியே எடுத்த பின் எத்தனை நிமிஷத்தில் சூடு திரும்புகிறது என்று பார்ப்பார்களாம். பழகட்டும் என்று தினமும் மாலையில் வீட்டில் ஒத்திகை நடக்கிறது. இந்தப் பந்தயமே கூடாது என்று மல்லுக்கு நின்ற அவன் அம்மாதான் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து சட்டியில் போடுகிறாளாம். முதல் நாள் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று, நேற்றும் பதினெட்டுதான் என்றான்.

கட்டணம் என்னவாயிற்று என்று கேட்டேன். பின்னால் இருமல் கேட்டது.