வடிதாள் காப்பிக் கருவி

வடிதாள் காப்பிக் கருவி என்பது, தாள் வடிகட்டியில் இட்ட காப்பித்தூளின் மீது வெந்நீரைக் கையால் ஊற்றி, புவியீர்ப்பு விசையால் காப்பியை வடித்தெடுக்க உதவும் எளிய கருவி ஆகும். தென்னிந்திய வீடுகளிலுள்ள காப்பி வடிகட்டியும் புவியீர்ப்பாலேயே இயங்குகின்றது. ஆயினும் அதில் தாள் இல்லை; இறங்கும் டிகாக்சனும் செறிவானது. வடிதாள் காப்பி தெளிவாகவும் இலேசாகவும் இருப்பதால் பெரும்பாலும் பாலின்றிப் பருகப்படுகின்றது.

வரலாறு

செருமனியின் திரெசுடன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்சு என்ற இல்லத்தரசி, காப்பியில் வண்டல் தங்குவதைத் தவிர்க்க விரும்பினார். பித்தளைப் பாத்திரமொன்றில் துளைகளிட்டு, மகனின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதில் வைத்து வடித்தார். 1908 இல் தமது கண்டுபிடிப்பைப் பதிவு செய்து, அதே ஆண்டில் நிறுவனமொன்றையும் தொடங்கினார்.

வகைகள்

* கெமெக்சு: வேதியியலாளர் பீட்டர் சிலும்போம் 1941 இல் அமெரிக்காவில் உருவாக்கிய கண்ணாடிக் குடுவை. தடித்த தாள் பயன்படுவதால் காப்பி மிகத் தெளிவாக இருக்கும். பலருக்கு ஒருசேர வடிக்க ஏற்றது.
* வி60: சப்பானின் அரியோ நிறுவனத் தயாரிப்பு. 60 பாகைக் கூம்பு, சுருள் வரிகள், ஒரே பெரிய துளை ஆகியவற்றைக் கொண்டது.
* கலிட்டா வேவ்: இதுவும் சப்பானியத் தயாரிப்பே. தட்டையான அடியில் மூன்று சிறு துளைகள் உள்ளன.

தேர்வு செய்தல்

துளையின் அளவே முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. பெரிய துளையுள்ள கருவியில் நீர் இறங்கும் வேகத்தை ஊற்றுபவரின் கையும் தூளின் பருமனுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. எனவே மெல்லிய மூக்குடைய கெண்டியும் பழக்கமும் தேவை. சிறு துளைகள் வேகத்தைத் தாமே மட்டுப்படுத்துவதால், கலிட்டா போன்றவை புதியவர்களுக்கு எளிதானவை.

விலை உயர்ந்த பொருளே சிறந்தது எனக் கூறவியலாது. பீங்கான் கருவியை முன்னரே வெந்நீரால் சூடாக்காவிடின் அது நீரின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். நெகிழிக் கருவி குறைந்த வெப்பத்தையே ஈர்க்கும். மலிவானது, எளிதில் உடையாதது.

ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்துக்கேற்ற தாள் தேவை. தாள் தொடர்செலவு என்பதால், அது அருகில் கிடைக்குமா என்பதை அறிந்த பின்னரே கருவியை வாங்குதல் நன்று.

பயன்படுத்தும் முறை

ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 15 கிராம் தூளும் 250 மில்லிலீட்டர் நீரும் போதுமானவை. நீரின் வெப்பநிலை 90 முதல் 96 பாகை செல்சியசு வரை இருக்கலாம். முதலில் தூள் நனையுமளவு நீரூற்றி, அரை நிமிடம் பொறுத்தால் கரியமில வளி வெளியேறும். எஞ்சிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் மூன்று நிமிடங்களளவில் வடிந்துவிடும். மிக நுண்ணிய தூள் தாளை அடைத்துக் கசப்பை உண்டாக்கும்.

உடல்நலம்

காப்பியிலுள்ள காஃபெசுட்டால் என்னும் பொருள் குருதியில் கொழுப்பை (கொலசுட்டிரால்) உயர்த்த வல்லது. தாள் வடிகட்டி இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது.