சிறுவர் பிரிவுப் பதற்றம்

சிறுவர் பிரிவுப் பதற்றம் என்பது தாய், தந்தை அல்லது வளர்ப்பவரைப் பிரிய நேரும்போது சிறுவருக்கு வயதுக்கு மீறிய அச்சம் தோன்றி நீடிக்கும் உளநிலை ஆகும். இலங்கை வழக்கில் பதற்றம் பதகளிப்பு எனவும் அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ எட்டு மாதம் முதல் மூன்று வயது வரை தாயைக் காணாது அழுவது இயல்பான வளர்ச்சிப் படியே. பள்ளி வயதிலும் அது தணியாமல் நான்கு வாரங்களுக்குக் குறையாது நீடித்து, படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின் கோளாறாகக் கருதப்படும்.

அறிகுறிகள்

பள்ளி நாள்களில் காலையில் வயிற்றுவலி, தலைவலி, வாந்தி; விடுமுறை நாளில் இவை இருப்பதில்லை. இதனால் பலர் இதை நடிப்பு என்று எண்ணுகின்றனர். அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் முதலியவை குடலின் இயக்கத்தை மாற்றுவதால் வலி மெய்யானதே. தனியே உறங்க மறுத்தல், பெற்றோருக்கு விபத்து நேருமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியனவும் காணப்படும்.

தேவாரம் பகுதியில்

தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர், கம்பம் வட்டாரங்களிலிருந்து தொழிலாளர் பலர் விடியலிலேயே ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். குழந்தை கண்விழிக்கும்போது தாய் வீட்டில் இருப்பதில்லை. அம்மாச்சியோ அப்பத்தாவோ பள்ளிக்கு அனுப்புகின்றனர். இப்பிரிவு தன்னளவில் நோயை உண்டாக்குவதில்லை. நம்பத்தக்க ஒருவர் உடனிருந்து, தாய் திரும்பும் நேரமும் தெரிந்திருந்தால் பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்வர். இயல்பிலேயே அச்சம் மிகுந்த குழந்தைக்கே இது கடினம். மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்த செய்தி காதில் விழுந்த பின் அச்சம் கூடுவதும் வியப்பன்று.

பெற்றோரின் பங்கு

அழுகிறது என்று பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது இரக்கத்தால் செய்யப்படுவது. அன்றைக்கு அழுகை நின்றுவிடும். ஆனால் ‘வீட்டில் இருந்ததால்தான் தப்பினேன்’ என்றே குழந்தை கற்றுக்கொள்வதால் மறுநாள் அச்சம் வளர்கிறது. அடிப்பதும் பலனளிப்பதில்லை. ‘சேட்டை செய்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன்’ என்ற மிரட்டல் பூச்சாண்டிக் கதையைவிடத் தீங்கானது, ஏனெனில் குழந்தை அஞ்சுவது அதைத்தான். தூங்கும்போது சொல்லாமல் நழுவிச் செல்வதும் அவ்வாறே. முதல்நாள் இரவே சொல்லி விடைபெறுதல் நன்று.

‘உனக்குப் பயமாக இருப்பது எனக்குத் தெரிகிறது, உன்னால் சமாளிக்கவும் முடியும்’ என்ற இரண்டையும் சேர்த்துக் கூறுதல் பரிந்துரைக்கப்படுகிறது. அதனுடன் சிறுசிறு படிகள் வேண்டும்: முதலில் பள்ளி வாயில்வரை, பின்பு ஒரு பாடவேளை, பின்பு அரைநாள். தாய் ஓர் ஒழுங்கும் பாட்டி வேறோர் ஒழுங்கும் வைத்தால் இது நிலைக்காது.

யேல் பல்கலைக்கழகத்தின் லெபோவிட்சு குழுவினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றக் கோளாறுடைய 7 முதல் 14 வயதுவரையான 124 சிறுவர் இடம்பெற்றனர். ஒரு பிரிவில் சிறுவரைப் பாராது பெற்றோருக்கு மட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன் பயன், சிறுவருக்கே அளிக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பயனுக்குக் குறையவில்லை. பெற்றோரால்தான் நோய் வந்தது என்று இதற்குப் பொருளில்லை.

மருத்துவம்

மந்திரித்தல், கயிறு கட்டுதல் வீட்டாருக்கு ஆறுதல் தரலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. 2008 இல் வெளியான, 488 சிறுவரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் நடத்தைச் சிகிச்சையால் 60 விழுக்காட்டினரும், செர்ட்ராலின் மருந்தால் 55 விழுக்காட்டினரும், இரண்டும் சேர்ந்தபோது 81 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். மருந்தை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். இப்பகுதியினருக்கு அணுகத்தக்கது க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானசு தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.